பித்தளைக் குழாயில் ஓர் ஒடுக்கு

மற்றவர்களுக்கு ஓரகத்தியால் வரும் வயிற்றெரிச்சல் வீட்டோடு நின்றுவிடும். பெரியவளுக்கு அது வேலை பார்க்கிற இடம்வரை வந்து சேர்ந்தது. கையைப் பிடித்துக் கூட்டி வந்தவளும் அவளேதான் என்பதால், யாரிடமும் சொல்லி அழக்கூட வழியில்லை.

அண்ணன் தம்பி இருவர் வாழும் வீடு அது. மூத்தவனின் மனைவி பெரியவள், இளையவனின் மனைவி சின்னவள். கீழ்த்தளம் பெரியவளுக்கு, மாடி சின்னவளுக்கு, சமையலறை இருவருக்கும் பொது. வீட்டில் பெரியவள் என்றால் வேலையிடத்தில் அவளுக்குப் பித்தளையம்மா என்று பெயர். அந்தப் பெயர் வந்த கதையைச் சொன்னாலே அவளைப் பற்றிப் பாதி சொன்ன மாதிரிதான்.

ஊரின் ஓரத்தில் ஒரு மேடு, மேட்டின் மேல் பழைய வானாய்வுக்கூடம். ஊர் வளர்ந்து விளக்கு வெளிச்சம் கூடியதும் வானம் மங்கிப் போயிற்று. ஆராய்ச்சிக்காரர்கள் புதுக் கருவிகளோடு தொலைதூர மலைக்குக் குடிபெயர்ந்தார்கள். பழையவை எல்லாம் இங்கேயே கிடந்தன. பெரியவள் கூட்டித் துடைக்கிற வேலைக்கு வந்து சேர்ந்தபோது அவளுக்கு இருபத்து நான்கு வயது. குவிமாடத்துக்குள் புறாக்கள் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன. பித்தளையும் கண்ணாடியும் வைக்கோல் திணித்த பெட்டிகளுக்குள் உறங்கிக்கொண்டிருந்தன. இரண்டு வருடம் கழித்து அதை அருங்காட்சியகம் ஆக்குவது என்று முடிவானது. பெட்டிகளைத் திறந்த நிபுணர் கூடவே நின்று வைக்கோலை அள்ளிப் போட்டவள் அவள். எது எந்தப் பெட்டியில் இருந்து வந்தது, எந்தத் திருகு எதோடு சேரும் என்பதெல்லாம் நிபுணரைவிட அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அவர் போகும்போது கண்காணிப்பாளரிடம், "கருவிகளை இந்தம்மா கையில விட்டுடுங்க. வேற யாரையும் தொட விடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதுமுதல் சாவிக்கொத்து அவளிடம். திங்கட்கிழமை காலையில் ஊசல் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பாள். பதினோரு சுற்று, ஒன்று கூடாது, ஒன்று குறையாது. வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு, மென்மயிர்த் தூரிகையால் கோணமானிகளின் கோடுகளுக்கு இடையே படிந்த தூசியைத் தட்டுவாள். மினுமினுக்க வேண்டும் என்று யாராவது பாலிஷ் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தால் போதும், சண்டைக்கு நிற்பாள். "தேய்ச்சா கோடு அழிஞ்சிடும். கோடு அழிஞ்சா இது வெறும் பாத்திரம்." பழைய பதிவுப் புத்தகங்களைச் சாப்பாட்டு வேளையில் எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்து, பத்து வருடத்தில் அந்தக் கிறுக்கல் கையெழுத்தெல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடமாகிவிட்டது.

ஆனால் ஒன்று, நாலு பேர் முன்னால் அவளுக்கு வாய் வராது. ஒருமுறை வழிகாட்டி விடுப்பில் போனபோது, இத்தனை தெரிந்தவளாயிற்றே என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் முன்னால் அவளை நிறுத்திவிட்டார்கள். ஐம்பது ஜோடிக் கண்கள். நட்சத்திரங்கள் பொறித்த வான்கோள உருண்டையின் பக்கத்தில் நின்றவளுக்கு நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வெகுநேரம் கழித்து, "இது வந்து... பித்தளை" என்றாள். அவ்வளவுதான். பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் குவிமாடமே அதிர்ந்தது. அன்றைக்கு வாட்ச்மேன் வைத்த பெயர் பித்தளையம்மா. பெயர் நிலைத்தது, அவள் மறுபடி கூட்டத்தின் முன்னால் நிற்கவில்லை.

இப்படி இருபது வருடம் ஓடியபின் சின்னவள் வேலை பார்த்த துணிக்கடை மூடப்பட்டது. அவள் மாடியில் இருந்துகொண்டு சன்னல் வழியே தெருவைப் பார்த்துப் பெருமூச்சு விடுவது கீழ்வரை கேட்டது. பெரியவளின் கணவன், லேத் பட்டறையில் வேலை செய்பவன், ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்.

"உங்க மியூசியத்துல டிக்கெட் குடுக்க ஆள் வேணும்னு சொன்னியே. சின்னவளுக்குக் கேட்டுப் பாரேன்."

"அவ அங்க வந்து என்ன பண்ணுவா? அவளுக்குச் சூரியன் கிழக்க உதிக்குதுன்னு மட்டும்தான் தெரியும்."

"டிக்கெட் கிழிக்க அது போதுமே."

பெரியவள் கேட்டாள். கண்காணிப்பாளர் அவளுக்காகவே சரி என்றார். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதைப் பெரியவள் செய்து முடித்தது ஒரு செவ்வாய்க்கிழமை.

மூன்று மாதம் சின்னவள் டிக்கெட் கிழித்தாள். நாலாவது மாதம் வழிகாட்டி வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். அந்த இடத்துக்கு ஆள் வரும்வரை பார்த்துக்கொள் என்று சின்னவளை அனுப்பினார்கள். வேறு ஆள் வரவேயில்லை. தேவைப்படவில்லை.

ஏனென்றால் சின்னவளுக்கு வாய் இருந்தது. துணிக்கடையில் வாங்க மனமில்லாமல் வந்தவளையும் மூன்று துணி வாங்க வைத்து அனுப்பிய வாய். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்? அதற்குத் தீனி போட்டது யார் என்பதுதான் பெரியவளைக் குடைந்தது. இருவரும் சமையலறையில் காய் நறுக்கும்போது சின்னவள் கேட்பாள்.

"அக்கா, அந்த டெலஸ்கோப்புக்குள்ள எட்டிப் பார்த்தா குறுக்க மெல்லிசா கோடு தெரியுதே, அது என்ன?"

"சிலந்தி நூல். அந்தக் காலத்துல அதைவிட மெல்லிசா, சீரா வேற எதுவும் கிடைக்கல. அதைத்தான் இழுத்துக் கட்டுவாங்க. நட்சத்திரம் அந்த நூலைத் தாண்டுற நொடியைக் குறிச்சுப்பாங்க."

அவ்வளவுதான் பெரியவள் சொன்னது. மறுநாள் பக்கத்து அறையில் தூரிகையோடு நின்றவளின் காதில் சின்னவளின் குரல் விழுந்தது.

"உங்க வீட்டு மூலையில இருக்கிற சிலந்தியை நீங்க தொடப்பத்தால அடிச்சுத் துரத்துறீங்க. இங்க அதோட நூலை வச்சுத்தான் வானத்தையே அளந்திருக்காங்க. இனிமே அடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு வணக்கம் சொல்லிட்டு அடிங்க."

கூட்டம் சிரித்தது. யாரோ ஒரு பெரியவர், "அடேயப்பா" என்றார். பெரியவள் தூரிகையைக் கீழே வைத்தாள். விஷயத்தைத் திருடிக்கொண்டாள் என்று சொல்ல முடியாது, கேட்டு வாங்கியதுதானே. இருபது வருடமாக அந்த நூலைப் பார்க்கிறோமே, வீட்டு மூலைச் சிலந்தியும் இதுவும் ஒன்றுதான் என்று தனக்கு ஏன் ஒருநாளும் தோன்றவில்லை? அதுதான் சுட்டது.

பிறகு இது தினப்படி ஆனது. மாலையில் இவள் தகவலாகச் சொல்வாள், காலையில் அவள் கதையாக விற்பாள். இவள் சமைத்ததை அவள் பரிமாறிப் பேர் வாங்கிக்கொண்டாள். பார்வையாளர் புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம், "வழிகாட்டி மேடம் அருமை". கருவிகள் சுத்தமாக இருக்கின்றன என்று ஒருவரும் எழுதவில்லை. அழுக்காக இருந்தால்தானே எழுதுவார்கள். பெரியவள் அந்தப் புத்தகத்தைத் தினமும் படித்தாள். புண்ணைச் சொறிகிற சுகம் அதில் இருந்தது.

மூன்றாம் வருடம் ஒரு செய்தித்தாளில் சின்னவளின் படம் வந்தது. வான்கோளத்தின் மேல் கை வைத்து நின்றிருந்தாள். கையுறை இல்லாமல். பெரியவளின் கணவன் அதை வெட்டிக் கூடத்துச் சுவரில் ஒட்டினான்.

"பாரு, நம்ம வீட்டு ஆளு பேப்பர்ல."

"வெறுங்கையால தொட்டிருக்கா. வேர்வை பட்டா பச்சை பூக்கும்."

"உனக்கு எப்பவும் பித்தளை நினைப்புதான்" என்று சிரித்துவிட்டுப் போனான். அவன் போனபின் அவள் வெகுநேரம் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். சின்னவளின் முழங்கைக்குப் பின்னால், மங்கலாக, பாதி வெட்டுப்பட்டு, தூரிகை பிடித்த ஒரு கை தெரிந்தது. தன் கைதான்.

அந்த வருடமே ஓர் அம்மா வந்தார். தொலைதூரத்து அருங்காட்சியகம் ஒன்றில் பழைய கருவிகளை ஆராய்கிறவர். ஒவ்வொரு வானாய்வுக்கூடமாகப் போய்ப் பட்டியல் எழுதுகிறவர். தப்பாக ஒன்று எழுதியிருந்தால் சுவரில் இருக்கும் விவரப் பலகையைக் கழற்ற வைத்துவிட்டுத்தான் போவார் என்று கண்காணிப்பாளரே பயந்துகொண்டிருந்தார். வருவதற்கு நாலு நாள் முன்னால் சின்னவள் சமையலறையில் கேட்டாள்.

"அக்கா, அந்த நடு ரூம்ல கல்தூண் ரெண்டுக்கும் நடுவுல தொங்குதே, அந்தக் குழாய்ல ஒரு ஒடுக்கு இருக்கே. அது எப்படி விழுந்துச்சு?"

அந்தத் தொலைநோக்கி வடக்கு தெற்காக மேலும் கீழும் மட்டும் அசையும், பக்கவாட்டில் திரும்பாது. நட்சத்திரம் நேர் உச்சிக்கோட்டைத் தாண்டுகிற நொடியை அதில்தான் பிடித்தார்கள். அந்த நொடியை வைத்துத்தான் ஒரு காலத்தில் ஊருக்கே மணி சொன்னார்கள். பெரியவளுக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் உயிர். ஒடுக்கு எப்படி வந்தது என்று அவளுக்குத் தெரியும். கூரைப் பிளவைச் செப்பனிட வந்தவர்களின் ஏணி சரிந்து விழுந்தது; பதிவுப் புத்தகத்தில் தேதியோடு இருக்கிறது. சொல்ல வாயெடுத்தாள். கூடத்துச் சுவரில் இருந்த படம் கதவு வழியே தெரிந்தது.

"அதுவா" என்றாள். கத்தியைக் கீழே வைத்தாள். "முன்ன இருந்த ஒரு ஆராய்ச்சியாளரோட பொண்டாட்டி அடிச்சது. அந்த மனுஷன் வீட்டுக்கே வராம அந்தக் குழாய் பக்கத்துலயே கிடந்தாராம். ஒருநாள் அந்தம்மா பொறுக்க முடியாம இரும்புக் கரண்டியைத் தூக்கிட்டு வந்து, 'இவளா நானா?'ன்னு கேட்டு ஒரே போடு. செத்துப்போன பழைய வாட்ச்மேன் எங்கிட்ட சொன்னார்."

சொல்லி முடித்தபோது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அவள் வாயிலிருந்து ஒரு கதை வந்திருந்தது. சின்னவள் நறுக்குவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தாள்.

"இத்தனை நாளா இதைச் சொல்லவே இல்லையே அக்கா."

வரப்போகிற அந்த அம்மா முன்னால் சின்னவள் இதைச் சொல்லட்டும், அவர் எல்லார் முன்னாலும் வெளுத்து வாங்கட்டும். பெரியவள் போட்ட கணக்கு அதுதான். நாலு நாளும் அவளுக்கு நன்றாகப் பசித்தது.

அந்த அம்மா வந்தார். உயரமாக, காலில் தட்டைச் செருப்போடு, கழுத்தில் பூதக்கண்ணாடி தொங்க. சின்னவள் அறை அறையாக அழைத்துப் போனாள். நடு அறையில் பெரியவள் தூரிகையோடு ஏற்கெனவே நின்றிருந்தாள். சின்னவள் ஒடுக்கின் கதையைச் சொன்னாள், தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்த்து. கரண்டி நெளிந்ததாம், அந்த ஆராய்ச்சியாளர் முதலில் பார்த்தது மனைவியை அல்ல, கண்ணாடி உடைந்ததா என்றுதானாம். பெரியவள் அந்த அம்மாவின் முகத்தையே பார்த்தாள். இதோ, இப்போது.

அந்த அம்மா கையால் வாயைப் பொத்திக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"பதினாறு வானாய்வுக்கூடம் பார்த்துட்டேன்" என்றார். "கருவி யார் செஞ்சது, யார் வாங்கினது, யார் பார்த்தது, எல்லாம் எழுதி வச்சிருக்காங்க. அந்த வீட்டுப் பொம்பளைங்களைப் பத்தி ஒரு வரி கிடையாது. முதல்முறையா ஒருத்தி வந்திருக்கா. இதை யார் உங்களுக்குச் சொன்னது?"

சின்னவள் திரும்பிக் கைகாட்டினாள். "எங்க அக்காதான் மேடம். இங்க இருக்கிற எல்லாமே அவங்க சொல்லித்தான் எனக்குத் தெரியும்."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. அந்த அம்மா நேராகப் பெரியவளிடம் வந்து, கையுறை போட்ட அவள் கையைப் பிடித்துக்கொண்டார். எப்போது கேட்டீர்கள், வாட்ச்மேன் என்ன வார்த்தையில் சொன்னார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். பெரியவள் தலையாட்டினாள். ஒரு பொய்க்குக் கால் முளைத்தால் அது தானே நடந்துகொள்கிறது. "அந்த வருஷத்துப் பதிவுப் புத்தகம் மட்டும் அலமாரியில இல்லையே?" என்று அந்த அம்மா கேட்டபோது, அது இங்கேயே தன் பீரோவில், முதுகு ஒட்டுவதற்காக எடுத்து வைத்தது அப்படியே இருக்கிறது என்று தெரிந்தும், "தேடிப் பார்க்கிறேன்" என்றாள்.

மூன்று நாள் அந்த அம்மா தங்கினார். தினமும் மதியம் பெரியவளைத் தேடிவந்து பேசினார். உங்களைப் போல ஒருவர் இங்கே இருப்பது யாருக்கும் தெரியவில்லையே என்று ஆதங்கப்பட்டார். புது விவரப் பலகையில் அந்த மனைவியின் கதையும், கீழே 'தகவல்' என்று போட்டுப் பெரியவளின் பெயரும் வரும் என்றார். இருபத்து மூன்று வருடத்தில் அந்தக் கட்டடத்தின் எந்தச் சுவரிலும் அவள் பெயர் ஏறியதில்லை. ஏறப் போகிறது. ஒரு பொய்க்கு அடியில்.

மூன்றாம் நாள் கண்காணிப்பாளரின் அறைக்கு அவளைக் கூப்பிட்டார்கள். அச்சுக்குப் போகவேண்டிய வாசகம் மேசைமேல் இருந்தது. அந்த அம்மாவும் சின்னவளும் உட்கார்ந்திருந்தார்கள். "பேர் எழுத்துப்பிழை இல்லாம இருக்கான்னு பார்த்துடுங்கம்மா" என்றார் கண்காணிப்பாளர்.

பிழை இல்லை. அவள் பெயர் கருப்பு மையில், நேராக, அழகாக இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு வெளியே போனாள். பீரோவைத் திறந்து, முதுகு கிழிந்த அந்தப் புத்தகத்தை எடுத்துவந்து, பக்கத்தைப் பிரித்து மேசையில் வைத்தாள்.

"ஏணிதான் விழுந்துச்சு" என்றாள்.

அந்த அம்மா குனிந்து படித்தார். மெதுவாக நிமிர்ந்தார். "அப்போ அந்த மனைவி?"

"அப்படி ஒருத்தி இல்ல. வாட்ச்மேனும் எதுவும் சொல்லல. நான்தான் சொன்னேன்."

"எதுக்கு?"

பதில் சின்னவளிடமிருந்து வந்தது. குரலில் கோபம்கூட இல்லை.

"எனக்காகத்தான் மேடம். உங்க முன்னாடி நான் தப்பாச் சொல்லி அவமானப்படணும்னு."

அந்த அம்மா தன் குறிப்பேட்டை எடுத்து, அந்த மனைவியைப் பற்றி எழுதிய நாலு பக்கத்தையும் ஒவ்வொன்றாகக் கிழித்தார். கிழிக்கும்போது அவர் முகத்தில் இருந்த துக்கம், யாரையோ அடக்கம் செய்கிறவர் முகத்தில் இருப்பது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றதுதான் பெரியவளுக்குக் கிடைத்த பெரிய தண்டனை. சின்னத் தண்டனை எழுத்து மூலமாக வந்தது: ஒரு மெமோ, ஒரு மாதத்துக்குச் சாவிக்கொத்து அலுவலகத்தில். ஒவ்வொரு காலையும் கையெழுத்துப் போட்டுச் சாவி வாங்கி, மாலையில் திருப்பிக் கொடுத்தாள். வாட்ச்மேன்கூட அவள் முகத்தைப் பார்க்காமல் நகர்ந்தார்.

சின்னவள் மாடியில் தனி அடுப்பு வைத்துக்கொண்டாள். அண்ணனும் தம்பியும் படிக்கட்டில் சந்தித்துக் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். சமையலறை முழுக்க இப்போது பெரியவளுக்கே சொந்தம். காய் நறுக்கும்போது யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஒரு மாதம் ஓடியபின் பெரியவள் ஒன்றைக் கவனித்தாள். பார்வையாளர்கள் அவளைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். சிலர் முழங்கையால் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒரு பெண் வந்து, "நீங்கதானே அவங்க?" என்று கேட்டுவிட்டுப் போனாள். பெரியவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மறுநாள் நடு அறைக் கதவின் பின்னால் நின்று கேட்டாள்.

"இந்த ஒடுக்குக்கு ரெண்டு கதை இருக்கு" என்று சின்னவள் சொல்லிக்கொண்டிருந்தாள். "ஒண்ணு பொய். பொறாமை பிடிச்ச ஒரு பொண்டாட்டி கரண்டியால அடிச்சதா கதை. அந்தப் பொய்யைச் சொன்னது என் ஓரகத்தி. அவங்களுக்கு என்மேல பொறாமை. அதான், கதையிலயும் பொறாமை தானா வந்து விழுந்துடுச்சு." கூட்டம் சிரித்து ஓயும்வரை நிறுத்தினாள். "ஆனா ஒண்ணு சொல்லணும். மூணு வருஷமா நான் இங்க பேசிப் பொழைக்கிறேன். இந்த மாதிரி ஒரு கதை எனக்கு ஒருநாளும் வந்ததில்ல. உண்மை என்னன்னா, ஏணி விழுந்துச்சு. அவ்வளவுதான். வாங்க, அடுத்த ரூமுக்குப் போகலாம்."

தன்னை ஊர் சிரிக்க வைத்ததைக்கூடப் பெரியவள் தாங்கிக்கொண்டிருப்பாள். தாங்க முடியாதது அந்த 'அவ்வளவுதான்'. கால் தானாக உள்ளே போய்விட்டது.

"அவ்வளவுதான் இல்ல" என்றாள்.

முப்பது தலைகள் திரும்பின. சின்னவள் புருவத்தைத் தூக்கினாள். பெரியவள் கல்தூணைப் பிடித்துக்கொண்டாள். கூட்டத்தைப் பார்க்காமல் குழாயைப் பார்த்துப் பேசினாள்.

"ஏணி விழுந்த அன்னைக்கு அந்த ஆராய்ச்சியாளர் மூணே வரி எழுதியிருக்கார். ஏணி விழுந்தது. குழாயில் ஒடுக்கு. கண்ணாடி பிழைத்தது. அதுக்கு முன்னாடி ஆறு வருஷமா அவர் ஒரு பட்டியல் போட்டுக்கிட்டு இருந்தார். இத்தனை நட்சத்திரம், ஒவ்வொண்ணும் எந்த நொடிக்கு இந்த நூலைத் தாண்டுதுன்னு. முடியுற சமயம். குழாய் ஒடுங்கிப் போச்சுன்னா, முன்ன எடுத்த கணக்கும் இனிமே எடுக்கிற கணக்கும் ஒட்டுமா ஒட்டாதான்னு சந்தேகம் வந்துடும் இல்ல? அவருக்கு வந்துச்சு." மூச்சு வாங்கிக்கொண்டாள். "அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தா, ஒரு புலம்பல் கிடையாது. யாரையும் திட்டல. மேல தேதி போட்டு, 'எண் ஒன்று'ன்னு எழுதி, முதல் நட்சத்திரத்துல இருந்து மறுபடி ஆரம்பிச்சிருக்கார்."

யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசையில் நின்ற ஒருவர் மெதுவாகக் கேட்டார். "முடிச்சாரா?"

"முடிச்சார். இன்னும் ஏழு வருஷம் ஆச்சு."

பெரியவள் விறுவிறுவென்று வெளியே போய்ப் பின்வாசல் படியில் உட்கார்ந்தாள். அரைமணி நேரம் கழித்துத்தான் உள்ளே வந்தாள்.

அன்று மாலை சமையலறை வாசலில் சின்னவள் வந்து நின்றாள். எதையோ எடுக்க வந்தவள்போல அலமாரியைத் திறந்து மூடினாள்.

"அந்த எண் ஒண்ணு விஷயத்தை மூணு வருஷமா எனக்கு ஏன் சொல்லல?"

"ஒடுக்கு எப்படி விழுந்துச்சுன்னுதான் நீ கேட்ட. அப்புறம் அவர் என்ன பண்ணார்னு கேக்கல."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பீங்களா?"

பெரியவள் யோசித்தாள். "மாட்டேன்."

சின்னவளுக்குச் சிரிப்பு வந்தது; அடக்கிக்கொண்டாள். சுவரில் சாய்ந்து நின்றாள். "வந்தவங்க மூஞ்சியைப் பார்த்தேன் அக்கா. நான் பேசும்போது சிரிப்பாங்க, அப்புறம் போனைப் பார்ப்பாங்க. நீங்க பேசும்போது ஒருத்தனும் போனை எடுக்கல. எனக்கு எரிஞ்சுது." பிறகு, துணி விற்கிறவள் குரலில், "நாளையிலிருந்து அதை நானே சொல்லிக்கட்டுமா?"

"கூடாது" என்றாள் பெரியவள். "அது என்னோடது."

"நடு ரூம் மட்டும்?"

"நடு ரூம் மட்டும்."

கண்காணிப்பாளர் முதலில் தயங்கினார், மெமோ வாங்கிய ஆளாயிற்றே என்று. பிறகு ஒருநாள் மறைந்து நின்று கேட்டுவிட்டு, சரி என்றார். அதுமுதல் ஐந்து அறை சின்னவளுக்கு, ஓர் அறை பெரியவளுக்கு. கரண்டிக் கதையைச் சின்னவள் விடவில்லை. வாசலிலேயே சொல்லிச் சிரிக்க வைத்து, "உள்ள இருக்காங்க, நீங்களே கேளுங்க" என்று அனுப்பிவிடுவாள். பெரியவள் பல்லைக் கடித்துக்கொண்டு, சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, ஆரம்பிப்பாள். மாடி அடுப்பு ஒரு மழைநாளில் கீழே இறங்கிவந்தது. இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

பொறாமை போய்விட்டதா என்றால் இல்லை. பார்வையாளர் புத்தகத்தைப் பெரியவள் இன்றும் தினமும் புரட்டுகிறாள். 'நடு அறை அம்மா' என்று எங்காவது வந்தால் அந்தப் பக்கத்தை மேலாக இருக்கும்படி விரித்துவைத்துவிட்டுப் போவாள். சின்னவள் வந்து அடுத்த பக்கத்தைத் திருப்பி வைப்பாள்.

போன மாதம் சின்னவளுக்குக் காய்ச்சல். இரண்டு நாள் ஆறு அறையையும் பெரியவளே பார்த்துக்கொண்டாள். சிலந்திநூல் பக்கத்தில் வந்தபோது, தொடப்பத்தைப் பற்றிச் சொல்லலாமா என்று நினைத்து, வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு, நூல் எவ்வளவு மெல்லியது என்று மட்டும் சொன்னாள். இரண்டாம் நாள் முடிவில் ஓர் அம்மா, "அந்தச் சிரிக்கச் சிரிக்கப் பேசுற மேடம் இன்னைக்கு வரலையா? எங்க அக்கா சொல்லித்தான் வந்தோம்" என்றார். கேட்டவர் அவர் ஒருவர் மட்டுமல்ல.

மாலையில் மாடிக்குப் போய் மாத்திரையும் வெந்நீரும் கொடுத்தாள். சின்னவள் போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டினாள்.

"இன்னைக்குக் கூட்டமா அக்கா?"

"ம்."

"யாராச்சும் என்னைக் கேட்டாங்களா?"

இல்லை என்று சொல்லிவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? பெரியவள் டம்ளரைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். வாசல்வரை போனாள். அங்கே நின்று, திரும்பாமலே சொன்னாள்.

"கேட்டாங்க. நாலு பேர்."

ஏழு பேர் கேட்டிருந்தார்கள்.